மடைக்காவலன் காடன் வழக்கில் விடுபட்ட ‘ஆம்’

மண் குளிர்க. மடை நிறைக. மாந்தர் நாவில் மெய் தங்குக.

ஆலம்பொழில் நாட்டின் ஏழு பேரேரிகளுக்கும் பதினெட்டுக் கூற்றங்களுக்கும் காவல் பூண்டு, நெடுமதில் நகரத்து அரியணையில் பதின்மூன்றாம் ஆண்டு அமர்ந்திருக்கும் பூங்குழை மாதேவியாகிய யாம், முகில் உறங்கும் பனிவரை நாட்டின் கோமானும், மூன்று கணவாய்களுக்கும் உடையவரும், எம் தந்தையார் காலந்தொட்டு எமக்கு நல்லயலாருமாகிய தண்பொறையனார் திருமுன் விடுக்கும் ஓலை.

தங்கள் மலையில் தேன் பெருகுக. தங்கள் கணவாய்களில் பனி வழிவிடுக. தங்கள் மனையில் மூத்தோர் நோயின்றியும் இளையோர் குறையின்றியும் வாழ்க.

தூதர் கையில் வரும் ஓலை தூதரைப் பற்றிப் பேசுவது வழக்கமன்று. இவ்வோலையோ அவரைப் பற்றியது. மூன்றாண்டுகளாக எம் அவையில் தங்கள் தூதராய் வீற்றிருந்த சேந்தியார், இதில் எழுதியிருப்பது இன்னதென்று அறியார். அரக்கு வைத்து மூடிய பின்னரே இது அவர் கையில் தரப்பட்டது. மற்றொன்றும் முன்னரே சொல்லிவிடுகிறோம். அரச ஓலைகளில் மாந்தர் பேச்சைச் செம்மை செய்து எழுதுவதே எம் முன்னோர் முறை. இவ்வோலையில் பேசியதைப் பேசியபடியே எழுதப் பணித்திருக்கிறோம். ஏன் அவ்வாறு பணித்தோம் என்பதே யாம் சொல்லப்போகும் செய்தி.

சென்ற கார்த்திகைத் திங்கள் இருபத்தோராம் நாள், விடாது பெய்த மழையின் ஆறாம் நாள் பிற்பகலில், நெடுங்கரை ஏரி உடைந்தது. கரையின் கீழே இருந்த கீழ்மடை என்னும் ஊர் ஒரு நாழிகைக்குள் நீரானது. பதினொருவர் இறந்தனர். அவருள் ஐவர் சிறுபிள்ளைகள். நான்காம் நாள் யாம் அவ்வூருக்குச் சென்றபோது, ஒரு தாய் எம் முகத்தைப் பார்க்காமல் எம் காலடிச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்துயருக்குக் காரணமானவன் எவனோ அவனை விடோம் என்று அன்று அங்கே உரக்கச் சொன்னோம். சொல்லாமல் இருந்திருக்கலாம். அரசி ஒருத்தி ‘எவனோ’ என்று சொல்லிவிட்டால், ஊர் அந்த எவனைத் தேடத் தொடங்கிவிடும் என்பதை அப்போது யாம் எண்ணவில்லை.

மூன்று நாளில் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினர். அவன் காடன், நெடுங்கரை ஏரியின் மடைக்காவலன். இருபத்தாறு ஆண்டுகள் அம்மடையைத் திறந்தும் அடைத்தும் வாழ்ந்தவன். கரையை அவனே மண்வெட்டியால் வெட்டி உடைத்தான் என்பது குற்றச்சாட்டு. கீழ்மடையாரோடு அவனுக்கு நீர்ப்பங்கீட்டில் பழம்பகை உண்டென்றும், அதனால் செய்தான் என்றும் கூறினர். கரை வெட்டி உயிர்க்கொலை செய்தவனுக்கு எம் நாட்டில் சாவே தண்டனை. அதற்கு இருவர் சான்று ஒத்திருக்க வேண்டும். இருவர் கிடைத்தனர். ஒருவன் ஓடக்காரன் ஆச்சன். மற்றவன் செக்காட்டும் பிடாரன்.

அவர்கள் அவையில் சான்று சொன்ன நாளில் யாமும் இருந்தோம். சேந்தியாரும் விருந்தினர் வரிசையில் இருந்தார். ஆச்சனும் பிடாரனும் தத்தம் வாய்மொழியாகச் சொல்ல, எம் ஓலைநாயகம் இளம்பூதர் எழுதிக்கொண்டார். காடனிடம் என்ன சொல்கிறாய் என்று கேட்கப்பட்டது. அவன் இடுப்பில் ஒரு கோவணத்தோடு நின்றான். “என்னாலதான் போச்சு தாயே” என்றான். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அதுவும் எழுதப்பட்டது.

மறுநாள் காலை, தீர்ப்புக்கு முன் சான்றோலையை உரக்க வாசிப்பது எம் முறை. இளம்பூதர் வாசித்தார்: ‘காடன் என்பான் கரையை வெட்டினான் என ஓடக்காரன் ஆச்சன் உரைத்தான். காடன் என்பான் கரையை வெட்டினான் எனச் செக்கான் பிடாரன் உரைத்தான். யானே அழித்தேன் எனக் காடனும் ஒப்பினான்.’ எமக்கு அதில் ஐயம் எழவில்லை. மறுநாள் உச்சிப்பொழுதில் உயிர் கொள்க என்று எழுதிய ஓலையில் எம் கையாலேயே முத்திரை இட்டோம். இதைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்ல எமக்கு உரிமையில்லை.

அரக்குக் காயும் முன்னர், விருந்தினர் வரிசையிலிருந்து சேந்தியார் எழுந்தார்.

தங்கள் தூதரின் தமிழ் எப்படிப்பட்டதென்று தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். மூன்றாண்டு முயன்றும் எம் மொழியின் ழகரம் அவர் நாவுக்கு வசப்படவில்லை. வாழைப்பழம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அவையில் இளையோர் வாயைப் பொத்திக்கொள்வர். அவரும் சேர்ந்து சிரிப்பார். அன்று அவர் சிரிக்கவில்லை. எம் நாட்டுச் சட்டம் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். அயல்நாட்டுத் தூதர் எம் வழக்குமன்றில் அழைப்பின்றி வாய் திறந்தால், மூன்று நாளுக்குள் எல்லை கடக்கவேண்டும். அது அவருக்கு நன்கு தெரியும். அவர் மூன்றாண்டு பாடுபட்டு முடித்த கணவாய் உடன்படிக்கைக்கு மறுநாள்தான் யாம் முத்திரையிட இருந்தோம் என்பதும் தெரியும். தெரிந்தே எழுந்தார்.

“அரசியாரே, என் தமிழ் குறை. ஆனால் என் காது குறை இல்லை. நேற்று அவர்கள் சொன்னதில் ஒரு சொல் இருந்தது. இன்று ஓலையில் அது இல்லை. அது எங்கே போனது?” என்றார்.

என்ன சொல் என்று கேட்டோம்.

“ஆம்” என்றார்.

அவையில் சிலர் சிரித்தனர். கேள்விக்கு ஒப்புதல் சொல்கிறார் போலும் என்று யாமே முதலில் கருதினோம். அவர் கையை அசைத்து மறுத்தார். “வெட்டினான் என்று யாரும் சொல்லவில்லை. வெட்டினானாம் என்றுதான் சொன்னார்கள். இருவரும்” என்றார்.

இளம்பூதர் எழுந்து விளக்கினார். அவர் பொய்யர் அல்லர். முப்பதாண்டு எம் ஓலைகளை எழுதியவர். ஊரார் பேச்சில் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஆமும் ஓவும் அரச ஓலைக்கு அழகல்ல என்பதால், தமக்கு முன்னிருந்த ஓலைநாயகங்கள் நீக்கியது போலவே தாமும் நீக்கியதாகவும், அதனால் பொருள் மாறவில்லை என்றும் பணிவோடு தெரிவித்தார். எமக்கும் அது சரியாகவே பட்டது. ஒரு சிற்றிடைச்சொல்லுக்காகத் தீர்ப்பை நிறுத்துவதா என்ற எரிச்சல் எம் குரலில் இருந்தது. அதைச் சேந்தியாரிடம் மறைக்கவும் இல்லை.

அப்போது அவர் சொன்னவற்றை இங்கே சுருக்கி எழுதுகிறோம். தங்களுக்கு இது தாய்ப்பால் போன்றது. எமக்கோ அன்றுதான் தெரிந்தது.

தங்கள் பனிவரை மொழியில் எந்த வினையும் மொட்டையாக நிற்பதில்லையாம். மழை பெய்தது என்று மட்டும் சொல்ல அம்மொழியில் வழியில்லை. நனைந்துகொண்டே பார்த்தவர் ஓர் ஈற்றைச் சேர்ப்பார். பிறர் சொல்லக் கேட்டவர் வேறோர் ஈற்றைச் சேர்ப்பார். காலையில் எழுந்து முற்றம் ஈரமாகக் கிடப்பதைக் கண்டு உணர்ந்தவர் மூன்றாவதொன்றைச் சேர்ப்பார். இவற்றுள் ஒன்றைச் சொல்லாமல் வாக்கியம் முடியாது. ஒன்றுக்கு மற்றொன்றைச் சொன்னால் பிள்ளைகளைக்கூடத் திருத்துவர். பெரியவர் சொன்னால் அது பொய்யுரை ஆகும். தம் பிறப்பைப் பற்றிப் பேசும்போதுகூட அவர்கள் ‘நான் பிறந்தேனாம்’ என்று பிறர் சொல்லக் கேட்ட ஈற்றோடுதான் சொல்வராம், ஏனெனில் தம் பிறப்பைத் தாம் கண்டவர் எவருமில்லை. இதைக் கேட்டதும் எம் அவை மறுபடியும் சிரித்தது. யாம் சிரிக்கவில்லை. யாம் இன்ன நாளில் இன்ன வேளையில் பிறந்தோம் என்று எத்தனை கல்லில் வெட்டியிருக்கிறோம் என்று எண்ணினோம்.

வினை தன்னை உரைப்பதோடு நில்லாமல், உரைப்பவர் அதை எவ்வழி அறிந்தார் என்பதையும் காட்டி நிற்கும் இந்நிலைக்குத் தங்கள் இலக்கணியர் வைத்திருக்கும் பெயருக்கு ‘வந்த வழி’ என்று பொருள் என்றார். எம் புலவர் அதைப் பின்னர்ச் ‘சான்றுநிலை’ எனத் தமிழாக்கினர்.

எம் முதுபுலவர் ஒருவர் குறுக்கிட்டு, ‘ஆம்’ என்பது ஐயத்தைக் காட்டும் சொல்தானே, ஆச்சன் ஐயத்தோடு சொன்னான் என்கிறீரா என்று வினவினார். சேந்தியார் மறுத்தார்.

“ஐயம் வேறு. இது வேறு. என் அரசர் நலமாக இருக்கிறாராம் என்று நான் சொல்வேன். எனக்கு அதில் ஐயமே இல்லை. ஆனால் நான் பார்க்கவில்லை, ஓலையில் வந்தது. ‘ஆம்’ போட்டால் அது பொய் என்று ஆகாது. உண்மை என்றும் ஆகாது. அடுத்து யாரைக் கேட்கவேண்டும் என்று காட்டுகிறது. அவ்வளவுதான். நீங்கள் அடுத்தவரைக் கேட்கவில்லை” என்றார்.

எம் மொழியில் அச்சொல் எங்கெங்கு வழங்குகிறது என்று யாம் அன்று அமர்ந்த இடத்திலேயே எண்ணிப் பார்த்தோம். ஒரு ஊரில் ஒரு ராசா இருந்தாராம் என்று பிள்ளைகளுக்குக் கதை தொடங்குகிறோம். அங்கே அச்சொல், இது நான் கண்டதன்று, வழிவழி வந்தது என்கிறது. அவரை வரச்சொன்னாராம் என்று ஏவலாள் சொல்கிறான். ஏவியவன் தானல்லன் என்கிறான். பெரிய வீரனாம் என்று ஒருவனை ஏளனம் செய்கையில், அவன் தன்னைப்பற்றித் தானே சொல்லிக்கொண்டதை அவனிடமே திருப்பித் தள்ளுகிறோம். எத்தனை ஆயிரம் முறை எம் வாயில் புழங்கிய சொல். அதன் வேலை இன்னதென்று எம் மொழியில் பிறவாத ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது. பிறப்பிலேயே எமக்கு வாய்த்தது என்பதால் யாம் அதைக் கவனித்ததில்லை. சேந்தியாரோ எம் மொழியை ஒவ்வோர் ஈறாகக் கேட்டுக் கேட்டுக் கற்றவர்.

தீர்ப்போலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆச்சனை அழையுங்கள் என்றோம்.

நீ உன் கண்ணால் கண்டாயா என்று கேட்டோம். அவன் திகைத்தான்.

“நான் எங்க தாயே பாத்தேன்? நான் அன்னிக்கு அக்கரையில ஓடத்தக் கட்டிக்கிட்டு நின்னேன். செக்கடி பிடாரன்தான் சொன்னான்.”

இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று அதட்டினோம்.

“சொன்னேனே தாயே. வெட்டினானாம்னுதானே சொன்னேன். யாரும் மேல கேக்கல.”

அரியணையில் அமர்ந்து யாம் கேட்ட மறுமொழிகளுள் அதைப்போல் எம்மைச் சுட்டது வேறொன்றில்லை. அவன் பொய் சொல்லவில்லை. முழுதாகவே சொல்லியிருந்தான். அதைப் பாதியாக எழுதியது எம் ஓலை. கேளாதிருந்தது எம் செவி.

ஆக, இருவர் சான்று ஒருவர் சான்றாயிற்று. பிடாரனை அழைத்தோம். அவன் பருத்த தோளுடையவன். வரும்போதே கண் கலங்கியிருந்தான். கேள்வி வருமுன்னரே பேசத் தொடங்கினான்.

“நானும் பாக்கல தாயே. தயிர்க்காரி நங்கி சொல்லித்தான் தெரியும். ஆனா அவ வெட்டினானாம்னு சொல்லல. வெட்டினானோ என்னமோன்னு சொன்னா. நான்தான் அத...” என்று நிறுத்தினான். பிறகு சொன்னான்: “பிணத்தையெல்லாம் மேட்டுல வரிசையாப் போட்டிருந்தாங்க. என் தங்கச்சி மவன் அதுல கெடந்தான். ஏழு வயசு. அவ என்னையப் பாத்து, ஏண்ணே, ஏண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. யாரையாச்சும் சொல்லணும்போல இருந்துச்சு தாயே.”

பொய்ச்சான்றுக்கு உரிய தண்டனையை எம் அமைச்சர் மெல்ல நினைவூட்டினார். யாம் கையமர்த்தினோம். கீழ்மடையின் சேற்றில் நின்று ‘எவனோ’ என்று சொன்னபோது யாமும் அதையேதான் செய்தோம்.

தயிர்க்காரி நங்கியைக் கீழ்மடையிலிருந்து அழைத்துவரப் பிற்பகலாயிற்று. சிறுத்த உடலும் உறுதியான குரலும் உடைய பெண். எம்முன் அவள் அஞ்சவில்லை.

“நான் பாத்தது நெசம் தாயே. காடன் அண்ணன் மழையில மண்வெட்டியோட நின்னாரு, ஓங்கி ஓங்கி வெட்டினாரு. வெட்டினது கரையையா, பக்கத்து மேட்டையான்னு எனக்குத் தெரியல. மழ கண்ண மறைச்சுது. பானைக்குள்ள தண்ணி எறங்குதேன்னு ஓடிட்டேன். கரை போனப்புறம்தான், அய்யோ, அதத்தான் வெட்டினாரோன்னு வாய விட்டுட்டேன். அது இம்புட்டுத் தூரம் வரும்னு நெனைக்கல.”

ஓர் ஓகாரம் செக்கடியில் ஆம் ஆனது. அந்த ஆம் எம் ஓலையில் ஒன்றுமில்லாமல் போனது. மூன்று வாய்க்குள் ஒரு பெண்ணின் ஐயம் ஒரு மனிதனின் சாவாகிவிட்டது.

இவ்வளவில் காடன் குற்றமற்றவன் என்று ஆகிவிடவில்லை. சான்று இல்லை என்றுதான் ஆயிற்று; ‘என்னாலதான் போச்சு’ என்ற அவன் சொல் அப்படியே நின்றது. மண்ணைக் கேட்போம் என்று எண்ணி, மறுநாள் விடிந்ததும் அமைச்சரோடும் ஏரி வேலை அறிந்த மூவரோடும் நெடுங்கரைக்குச் சென்றோம். தீர்ப்பு நிறைவேற வேண்டிய உச்சிப்பொழுதில் யாம் அக்கரையின் சேற்றில் முழங்கால் புதைய நின்றுகொண்டிருந்தோம். நீர் வடிந்திருந்தது. உடைப்பின் வடகரையோரத்தில், உடையாமல் நின்ற பகுதியில், கரையைத் துளைத்த வளை ஒன்றின் வாய் தெரிந்தது. அதற்குள் முள்ளும் வைக்கோலும் களிமண்ணும் திணிக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு வேட்டி, மண்ணை உள்ளே பொதிந்து முடிச்சிட்டபடி, ஆணி அறைந்ததுபோல் இறுகியிருந்தது. இருபது அடி தள்ளி மேட்டில், மண்வெட்டியால் ஓங்கி ஓங்கி வெட்டி மண் எடுத்த குழி கிடந்தது.

வேறெதுவும் கேட்கத் தேவையில்லை. கசிவைக் கண்டவன் ஒருவனாக நின்று மேட்டு மண்ணை வெட்டிச் சுமந்து அதை அடைத்திருக்கிறான். போட்டதெல்லாம் போதாதபோது இடுப்பு வேட்டியை அவிழ்த்து அடைத்திருக்கிறான். ஒரு வாயை அவன் அடைத்துக்கொண்டிருக்கையில் நான்கு கோல் தள்ளி இன்னொன்று திறந்துவிட்டது.

சிறைக்கு யாமே சென்றோம். இதை ஏன் சொல்லவில்லை என்று காடனைக் கேட்டோம்.

“எதச் சொல்ல தாயே? என் காவல்ல இருந்த கரை. கத்திக் கத்திக் கூப்புட்டேன், மழை எரைச்சல்ல யாருக்கும் கேக்கல. ஓடிப்போய்ச் சொல்லியிருந்தா சனங்க மேட்டுக்கு ஏறியிருக்கும். அடைச்சுப்புடலாம்னு நெனைச்சேன். அந்த நெனப்புலதான் பதினோரு பேரு போயிட்டாங்க. வெட்டினியான்னு யாராச்சும் கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். என்ன சொல்றேன்னுதானே கேட்டாங்க.”

பிறகு, “ஏரியில இப்ப எவ்ளோ தண்ணி நிக்குது?” என்று கேட்டான்.

யாம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அரசர் அவ்வாறு கேட்கும் வழக்கம் எம் குலத்தில் இல்லை என்பதால், அதற்குரிய சொற்களும் எம்மிடம் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னோம். அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாம் எதிர்பார்க்கவும் உரிமையில்லை. கரை கட்டும்போது தன்னைக் கூப்பிடவேண்டும் என்று மட்டும் கேட்டான். இப்போது நெடுங்கரையில் முந்நூறு பேர் மண் சுமக்கின்றனர். எந்த இடத்தில் எவ்வளவு கெட்டிப்பட மிதிக்கவேண்டும் என்று சொல்பவன் அவன். பிடாரனும் அங்கே மண் சுமக்கிறான். இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

இனிச் சேந்தியாருக்கு வருகிறோம்.

யாம் கரையிலிருந்து திரும்பியபோது அவர் தம் பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார். அழைப்பின்றிப் பேசிய குற்றத்துக்கு மூன்று நாள் கெடு. யாம் பதறினோம். அமைச்சர் ஒரு வழி கண்டார்: சேந்தியாரை மொழியறிஞராக மன்றமே அழைத்தது என்று அன்றைய ஓலையில் ஒரு வரி சேர்த்துவிட்டால் குற்றமே இல்லை என்றார். எமக்கு அது நல்வழியாகப் பட்டது. சேந்தியாரிடம் மகிழ்வோடு சொன்னோம்.

அவர் எம்மை வியப்போடு பார்த்தார். “நீங்கள் அழைக்கவில்லையே, அரசியாரே. அழைத்தீர்கள் என்று எழுதினால், நான் எதற்காக எழுந்தேன்?” என்றார்.

அவ்வரியைச் சேர்க்கவேண்டாம் என்று அமைச்சரிடம் சொன்னோம். ஆகவே சட்டப்படி அவர் புறப்படுகிறார். எம் நாட்டில் ஓர் உயிரைக் காத்தவரை எம் சட்டமே வெளியேற்றுகிறது. அதை மறைத்து எழுத யாம் விரும்பவில்லை.

தண்பொறையனாரே, அரசர் அரசருக்கு நன்றி சொல்லும்போது யானையும் பட்டும் அனுப்புவது முறை. யாமும் சில அனுப்பியிருக்கிறோம். அவை இந்நன்றிக்கு எவ்வகையிலும் ஈடல்ல என்பதை அறிவோம். காடனின் மனைவி ஒரு கலம் அவல் கொண்டுவந்து சேந்தியார் பல்லக்கில் வைத்துவிட்டுப் போனாள். அதுவே எம் காணிக்கைகளுள் சிறந்தது. ஒரு நிரபராதியின் குருதி எம் கையில் படாமல் காத்த நன்றி, எம் மொழியில் எம் காலடியிலேயே கிடந்த ஒன்றை எடுத்து எம் கையில் தந்த நன்றி, தம் மூன்றாண்டு உழைப்பை ஒரு மடைக்காவலனுக்காகப் பணயம் வைத்த ஒருவரை எம்மிடம் அனுப்பிவைத்த நன்றி, இவை யாவும் எம் ஆயுள் உள்ளளவும் எம்மிடம் இருக்கும். எமக்குப் பின் வருவோரிடமும் இருக்கவேண்டும் என்று கருதி, பின்வருமாறு ஆணை பிறப்பித்தோம்.

ஆலம்பொழில் நாட்டு மன்றங்களில் இன்று முதல் எச்சான்றும் சொன்னவர் சொன்னபடியே எழுதப்படுக. ‘ஆம்’, ‘ஓ’, ‘போலும்’ என்னும் சொற்கள் நீக்கப்படாதொழிக. எழுதிய ஒவ்வொரு வினைக்கும் அருகே அதன் சான்றுநிலை, அதாவது கண்டதோ கேட்டதோ குறியால் உணர்ந்ததோ என்பது, குறிக்கப்படுக. கேட்டது எனின், யாரிடம் கேட்டது என வினவி அவரையும் அழைக்க. கண்டவர் ஒருவரேனும் இல்லாத வழக்கில் எவர் உயிரும் கொள்ளப்படாதொழிக. அயல்நாட்டுத் தூதர் ஆயினும் உயிர் காக்கும் சொல்லொன்று உடையவர் மன்றில் எழுந்து பேசுக. அவர்மேல் குற்றம் இல்லை. இவ்வாணை நெடுமதில் வாயிலில் கல்லில் வெட்டப்படுகிறது. இது பிறக்கும் முன் நிகழ்ந்ததற்குப் பழைய சட்டமே செல்லும் என்று சேந்தியாரே எமக்கு எடுத்துரைத்தார்.

கணவாய் உடன்படிக்கை எம் முத்திரையோடு இத்துடன் வருகிறது. தாங்கள் கேட்ட ஒரு வரியும் அதில் குறைக்கப்படவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எல்லை கடக்கவேண்டும் என்று சொல்லும் அப்பழைய சட்டத்தை யாம் நேற்று மும்முறை வாசித்தோம். மூன்று நாளுக்குள் கடக்க என்று அதில் இருக்கிறது. கடந்தவர் திரும்பி வரலாகாது என்று எங்கும் இல்லை. ஆதலால் எம் பல்லக்கும் தூக்குவோர் பன்னிருவரும் எல்லைக்கல்லின் இப்பால் கூடாரமடித்துக் காத்திருக்கப் பணித்திருக்கிறோம். சேந்தியார் தங்கள் திருமுன் நின்று, தம் மக்களைக் கண்டு, மலைநீர் பருகி இளைப்பாறிய பின், தங்களுக்கும் அவருக்கும் உவப்பாயின், அவரையே மீண்டும் எம்மிடம் தூதராக அனுப்பி அருள வேண்டுகிறோம். எத்தனை திங்கள் ஆயினும் பல்லக்கு அங்கேயே நிற்கும்.

ஆலம்பொழிலும் பனிவரையும் ஒரே மழையில் நனைந்து ஒரே வெயிலில் காய்க. இவ்வோலை கண்டார் கண்டபடி கைக்கொள்க.

நெடுமதில், மார்கழித் திங்கள் ஐந்தாம் நாள், பூங்குழை மாதேவி மடைமுத்திரை இட்டது.

இவை அரசியார் வாய்மொழி கேட்டு எழுதிய ஓலைநாயகம் இளம்பூதன் எழுத்து. ஆச்சனும் பிடாரனும் சொன்ன ஒரு சொல்லை நீக்கியவன் யானே. இவ்வோலையில் ஒரு சொல்லும் நீக்கவில்லை.